பரணில் இருந்த மூன்று பெட்டிகள்



போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தபோது எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தேன். மூன்று அட்டைப்பெட்டி, அதில் பழைய கம்ப்யூட்டர் சாமான்கள். கருத்து எழுதியவர்களில் பாதிப் பேர், "சார், இன்னுமா இதெல்லாம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டிருந்தீர்கள். மீதிப் பேர், "சார், அந்த ரேம் எனக்கு!" அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் மட்டும், "மாமா, இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கணுமே" என்று எழுதியிருந்தான். இருக்கிறது. கொஞ்சம் நீளம். வேலை நேரத்தில் படிக்காதீர்கள், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

பெட்டிகளை இறக்கியது நானாக இல்லை. மருமகள்தான், "மாமா, பரண்ல எலி ஓடுற சத்தம் கேக்குது. அந்தப் பெட்டியெல்லாம் காயலான் கடைக்குப் போட்டுடலாமா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "அதுல கைய வச்சா உங்க மாமா சாப்பிட மாட்டார்மா" என்றாள். இருபது வருடக் கடுப்பு அதில் இருந்தது. நியாயமான கடுப்புதான்.

என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்குத் தெரியும், எனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. உடைந்த கால்வனோமீட்டரைப் பிரித்து அதன் காந்தத்தை வகுப்பில் காட்டியவன் நான். 2001இல் பி.எஃப். கடன் போட்டு முதல் கம்ப்யூட்டர் வாங்கியதும் அந்தப் புத்தியோடுதான். கம்பெனிப் பெட்டியாக வாங்கவில்லை. பழைய மாணவன் ஒருவன், "சார், ரிச்சி தெருவுக்கு வாங்க, அசெம்பிள் பண்ணிடலாம்" என்று கூட்டிப்போனான். மவுண்ட் ரோட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் உள்ளே நுழைந்தால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். டெல்லிக்காரர்களுக்கு நேரு பிளேஸ் எப்படியோ அப்படி. ரேடியோ வால்வு, கண்டென்சர் வாங்க நான் சின்ன வயதிலேயே போன தெருதான். ஒரு கடையில் மதர்போர்டு, அடுத்த கடையில் ஹார்டு டிஸ்க், மாடிப்படி அடியில் உட்கார்ந்திருந்தவரிடம் பழைய மானிட்டர். எல்லாவற்றையும் ஒரு நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். 128 எம்பி ரேம். இப்போது சிரிப்பு வரும். அன்றைக்கு அது ராஜபோகம்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒரு வசதி. எதையும் கழற்றலாம், மாற்றலாம். ஒன்றை மாற்றினால் பழையது கையில் மிஞ்சும். மிஞ்சியதை என்ன செய்வது? இந்தக் கேள்வியில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது. பூந்தமல்லி டிரங்க் ரோடு பக்கம் மாணவன் ஒருவன் சின்னதாக சர்வீஸ் கடை வைத்திருந்தான். ஞாயிறு காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்தாறு பேர் உட்காருவோம். ஒருவன் டன்லப் தொழிற்சாலை இருந்த அம்பத்தூரிலிருந்து வருவான், ஒருவன் ஆவடியிலிருந்து, நான் செம்பரம்பாக்கத்திலிருந்து. அவரவர் பையில் அவரவர் மிச்சம். "என்கிட்ட கீபோர்டு ரெண்டு இருக்கு, யாருக்கு வேணும்?" அவ்வளவுதான். காசு கிடையாது. டீக்கு மட்டும் முறை வைத்துக் கொடுப்போம்.

எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கொடுக்கும்போது குறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "இந்த எஸ்எம்பிஎஸ்ல ஃபேன் சத்தம் போடும்", "இந்த போர்டுல ஒரு ஸ்லாட் வேலை செய்யாது". சொல்லாமல் கொடுத்தால் அது கொடுத்த கணக்கில்லை, நம் வீட்டுக் குப்பையை இன்னொருத்தர் வீட்டில் போட்ட கணக்கு.

நான் அவர்களுக்கு வாத்தியார், ஆனால் அந்தக் கடையில் நான்தான் மாணவன். கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தினால் முதலில் ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மாட்டச் சொல்லுவார்கள். பத்துக்கு ஆறு தடவை ஓடிவிடும். அழுக்கும் ஈரமும் படிந்த தொடுமுனை மின்சாரத்தைத் தடுக்கிறது என்று பத்தாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிய பாடம்தான். நடராஜ் ரப்பரை இதற்குப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தேதி தானாகப் பழையதுக்குப் போனால் மதர்போர்டில் இருக்கும் மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரியை மாற்று. கண்டென்சரின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் அந்த போர்டை நம்பாதே. டிடிஆர்2, டிடிஆர்3 ரேம் இரண்டுக்கும் 240 கால்கள்தான், நீளமும் ஒன்றேதான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தி மாட்டாதே, உடைப்பாய். (அழுத்தி மாட்டியது யார் என்று கேட்காதீர்கள்.)

இப்படி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்த விஷயம் 2015 டிசம்பரில் வேறு மாதிரி ஆனது.

அந்த மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். நான் ஏரி இருக்கிற ஊரில் குடியிருக்கிறேன். என் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அடையாற்றில் இறங்கி மணப்பாக்கத்தில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. "உங்க ஊர் தண்ணிதாண்ணே எங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்று தங்கை மறுநாள் மொட்டை மாடியிலிருந்து போனில் சொன்னாள். சிரித்தாளா அழுதாளா என்று புரியவில்லை, அதற்குள் லைன் கட் ஆகிவிட்டது.

தண்ணீர் வடிந்து நாங்கள் போனபோது சுவரில் மேஜை உயரத்துக்குச் சேற்றுக்கோடு. பீரோவில் இருந்த பட்டுப்புடவை, பத்திரம், பிரிட்ஜ் எல்லாம் போயிற்று. தங்கை அதற்கெல்லாம் கலங்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "கம்ப்யூட்டர்ல அவர் போட்டோ இருக்குண்ணே. குரலும் இருக்கு." மாப்பிள்ளை இறந்து அப்போது ஒன்றரை வருடம். பேத்திக்குக் கதை சொல்லி அவரே பதிவு செய்து வைத்திருந்தார். வேறெங்கும் பிரதி கிடையாது.

கம்ப்யூட்டர் மேஜை மேல்தான் இருந்திருக்கிறது. கேபினட்டின் அடிப்பாகம் மட்டும் நனைந்திருந்தது. மேலே மாட்டியிருந்த ஹார்டு டிஸ்க்குக்கு ஈரக்காற்றைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாங்கள் போவதற்குள் தங்கை மகன் அவசரப்பட்டுவிட்டான். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டிருக்கிறான். டப் என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. பாவம், அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்பா குரலைக் கேட்க அவனுக்கு ஆசை இருக்காதா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு டிஸ்க்கைக் கொண்டு போனேன். ஆவடிக்காரன் கீழே இருந்த பச்சை போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சார், உள்ள தட்டு நல்லா இருக்கும்னு நினைக்கிறேன். இந்த போர்டுதான் போயிருக்கு. இதே மாடல், இதே நம்பர் போர்டு வேணும்" என்றான். கடையில் கிடைக்காது, அந்த மாடல் நின்று வருடங்கள் ஆகியிருந்தன. எல்லாரும் அவரவர் வீட்டுப் பெட்டியைக் கிளறினார்கள். பத்து நாள் கழித்து அம்பத்தூர்க்காரன் ஒரு செத்த டிஸ்க்கைக் கொண்டுவந்தான். டக் டக் என்று அடித்துக்கொண்டு ஓடாமல் கிடந்தது. தூக்கிப் போடாமல் வைத்திருந்தானாம், எதற்கென்று அவனுக்கே தெரியாது. உள்ளே கெட்டுப்போன அந்த டிஸ்க்கின் போர்டு நன்றாக இருந்தது. எங்களுடையதில் உள்ளே நன்றாக இருந்தது, போர்டு போயிருந்தது. பழைய போர்டில் இருந்த எட்டுக்கால் சில்லு ஒன்றை மட்டும் சூடுபண்ணி எடுத்து இந்த போர்டில் பற்றவைக்க வேண்டும். அந்தந்த டிஸ்க்குக்கான தனிக் குறிப்புகள் அதில்தான் இருக்குமாம். ஆவடிக்காரன் அதைச் செய்தபோது கடையில் யாரும் மூச்சுவிடவில்லை.

ஓடியது. முதலில் திறந்தது மாப்பிள்ளையின் குரல்தான். நரியும் காக்காவும் கதை. நடுவில் அவர் இருமுவதுகூட அப்படியே இருந்தது. தங்கை அன்றைக்கு அம்பத்தூர்க்காரனுக்கும் ஆவடிக்காரனுக்கும் சாப்பாடு போட்டதை அவர்களே இங்கே கருத்தில் சொல்லட்டும்.

இதற்கப்புறம் நான் திருந்தியிருக்க வேண்டும், கெட்டுப்போனேன். ஒரு செத்த டிஸ்க் இவ்வளவு செய்தது என்றால் எதையும் விடக்கூடாது என்று புத்தி போயிற்று. யார் எதைக் கழித்தாலும் வாங்கிவந்தேன். விலையில்லா மடிக்கணினி வந்த காலத்தில் படித்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று நம் திருவள்ளூரில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். அதன்பின் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாடு முழுக்கப் போயின. ஐந்தாறு வருடத்தில் பேட்டரி செத்து, கீல் உடைந்து, அவை வீடு வீடாகச் சும்மா கிடந்தன. "சார், உங்களுக்கு உதவும்" என்று கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஒன்றின் திரை நன்றாக இருக்கும், இன்னொன்றின் போர்டு நன்றாக இருக்கும். இரண்டைச் சேர்த்தால் ஒன்று ஓடும். நான் சேர்க்கவில்லை. பெட்டியில் போட்டு, மேலே பேனாவால் "நல்லது" என்று எழுதிப் பரணில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமையும் போவேன். வாங்குவேன். கொடுப்பது குறைந்துகொண்டே வந்தது. பசங்களும் வாத்தியாராச்சே என்று சொல்லவில்லை.

2020 ஜூலை. ஊரடங்கு. பள்ளிகளெல்லாம் மூடி, பாடம் போனிலும் டிவியிலும் நடந்துகொண்டிருந்த நேரம். என்னிடம் படித்த ஒருவர் போன் செய்தார். பெயர் சொல்ல மாட்டேன். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தவர், வேலை போயிருந்தது. மகள் எட்டாம் வகுப்பு. "சார், உங்ககிட்ட பழைய கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தா... பாப்பாவுக்கு ஆன்லைன் கிளாஸ். ஒரே போன், அதுவும் நான் வேலை தேடி வெளிய எடுத்துட்டுப் போயிடுறேன்" என்றார்.

"பார்க்கிறேன்பா" என்றேன்.

என் தலைக்கு மேல் பரணில் குறைந்தது மூன்று கம்ப்யூட்டருக்கான பாகம் இருந்தது. அதைவிட வெட்கமானது, நான் அன்றைக்கே ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஏறி, பெட்டியைத் திறந்து, இந்த போர்டு நல்ல போர்டாச்சே, இதைக் கொடுத்தால் இப்படி இன்னொன்று கிடைக்காதே, அதைவிடச் சுமாரானது ஏதாவது வரட்டும், அதில் ஒன்று செய்து கொடுக்கலாம் என்று மூடிவிட்டு இறங்கினேன். இரண்டாவது முறை போன் செய்தார். "ஒரு ரேம் தேடிக்கிட்டிருக்கேன்பா" என்றேன். பொய். ரேம் பிஸ்கட் டப்பாவில் பதினொன்று இருந்தது. மூன்றாவது முறை அவர் போன் செய்யவில்லை.

தீபாவளிக்கு முன்னால் அவருடைய தம்பியைப் பூந்தமல்லி மார்க்கெட்டில் பார்த்தேன். அண்ணியின் தோட்டை அடகு வைத்து மகளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று சாதாரணமாகச் சொன்னான். முகக்கவசம் போட்டிருந்ததால் என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியும் இப்போதுதான், இந்தப் பதிவில்தான் படிக்கப் போகிறாள்.

அந்த வாரமே பெட்டிகளை இறக்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இறக்கியது 2021 ஜனவரியில். ஆவடிக்காரனும் அம்பத்தூர்க்காரனும் வந்தார்கள். நான்கு கம்ப்யூட்டர்கள் தேறின. விண்டோஸ் 7க்கான ஆதரவு முந்தைய வருடம் ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்திருந்ததால் எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டோம். லினக்ஸ் ஒன்றும் நம் ஊருக்குப் புதிதில்லை. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு மடிக்கணினிகளிலேயே வந்ததுதான், உங்களில் பாதிப் பேர் அதை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். தமிழ்99 விசைப்பலகையும் போட்டுக் கொடுத்தோம். முதல் கம்ப்யூட்டரை அந்த மாணவர் வீட்டுக்கு நானே எடுத்துப் போனேன். "இப்ப போன் இருக்கு சார், வேற யாருக்காச்சும் குடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்துத் தெருவில் ஒரு தையல்காரர் மகனுக்குப் போயிற்று.

அங்கேயும் ஒரு கூத்து. மூன்றாம் நாளே அந்தப் பையன், "சார், புகை வருது" என்று ஓடிவந்தான். தப்பு என்னுடையது. எஸ்எம்பிஎஸ்ஸை எப்படிச் சோதித்தேன் என்றால், பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் சேர்த்து, ஃபேன் சுற்றுகிறது, நல்லது என்று முடிவு கட்டினேன். ஃபேன் சுற்றினால் ஃபேன் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். பாரம் ஏறும்போது 12 வோல்ட் நிற்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். மின்னழுத்தம் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தியவன்! இப்போதெல்லாம் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் எதையும் வாசலைத் தாண்ட விடுவதில்லை.

கொடுப்பவர்களுக்கு ஒரு முக்கியமான சேதி. உறவுக்காரர் ஒருவர் (இந்தப் பதிவுக்கு முதல் லைக் போடப்போவது அவர்தான்) பழைய கேபினட் கொடுத்தார். "எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன்" என்றார். திறந்து பார்த்தால் ஆதார், பேங்க் பாஸ்புக், பெண்ணின் ஜாதகம் வரை திரும்ப எடுக்க முடிந்தது. டெலிட் என்பது புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி. பாடம் உள்ளேதான் இருக்கும். டிஸ்க் முழுவதும் ஒருமுறை பூஜ்யத்தை எழுதி நிரப்ப வேண்டும். அதற்கு இலவச மென்பொருள் இருக்கிறது, வேண்டுமானால் உங்கள் கண் முன்னாலேயே செய்து தருகிறோம். நம்பிக்கை இல்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். வருத்தப்பட மாட்டேன்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கம்ப்யூட்டர்களை மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் மாணவர்கள் சொல்கிறார்கள், ஆபீஸ் ஆபீஸாக நல்ல கம்ப்யூட்டர்கள் கிலோ கணக்கில் போகின்றனவாம். முறையாகப் போனால் பரவாயில்லை. மின்கழிவுக்கென்று 2011இலிருந்தே விதிகள் இருக்கின்றன, 2022இல் புதிதாகவும் போட்டார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. முறையில்லாமல் போனால் எங்கோ வெட்டவெளியில் ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள். பழைய பெரிய டப்பா மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைத்துப் போட்டால் மண்ணுக்குத்தான் போகும். நான் குடியிருப்பது சென்னை குடிக்கும் தண்ணீர் நிற்கிற ஏரிக்கரையில், அதனால் எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் பதற்றம். நிஜமாகவே செத்துப்போன சாமான்களை நாங்களும் அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்கிறோம், காயலான் கடைக்கு இல்லை.

அமெரிக்காவில் போர்ட்லாண்டு என்ற ஊரில் ஃப்ரீ கீக் என்று ஓர் அமைப்பு 2000ஆம் ஆண்டிலிருந்தே இதைச் செய்கிறது என்று அக்கா மகன் சொன்னான். பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் பூட்ட வருகிறவர்களுக்கு, வேலை கற்றுக்கொண்டதற்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டரையே கொடுத்து அனுப்பினார்களாம். இது எனக்குப் பிடித்துவிட்டது. சும்மா வாங்கிப் போவதில் ஒரு கூச்சம் இருக்கிறது, தானே பூட்டி எடுத்துப் போனால் அது இல்லை. அதனால் நாங்களும் இப்போது கேட்டு வருகிற பிள்ளைகளை உட்காரவைத்துப் பூட்டச் சொல்கிறோம். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ரேமை ரப்பரால் தேய்த்துவிட்டு, "சார், இவ்ளோதானா?" என்றாள். இவ்வளவுதான் என்றேன்.

மூன்று பெட்டியும் இப்போது திண்ணையில் இருக்கின்றன. இன்றைய இருப்பு: 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஆறு, மடிக்கணினிக்கான சின்ன ரேம் நான்கு, சோதித்த எஸ்எம்பிஎஸ் இரண்டு, சோதிக்காதது மூன்று (சொல்லிவிட்டேன்!), 17 அங்குல எல்சிடி மானிட்டர் ஒன்று, அதில் இடது மூலையில் ஒரு கோடு வரும். அரசு மடிக்கணினி ஐந்து, அதில் இரண்டு ஓடும், பேட்டரி நிற்காது, பிளக்கில் போட்டே வைத்திருக்க வேண்டும். கீபோர்டு எத்தனை என்று எண்ணவில்லை. "நல்லது" என்று நான் எழுதி வைத்திருந்த அந்த போர்டு, 2020இல் கொடுக்க மனசில்லாமல் மூடிவைத்ததே, அதுவும் இருக்கிறது. 2021இல்கூட அதை ஒதுக்கித்தான் வைத்தேன் போல. போன ஞாயிறு எடுத்துப் பார்த்தேன். கண்டென்சர் நான்கு உப்பிவிட்டது.

அந்த மாணவரின் மகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்குக் காபி குடித்துவிட்டு வந்தபோது சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. என்னிடம் இருந்துகொண்டே இல்லை என்றேன். மன்னித்துவிடு.

ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வீட்டில்தான் இருப்பேன். கொடுக்க வருகிறவர்களும் வரலாம், எடுக்க வருகிறவர்களும் வரலாம். முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள், மருமகள் இட்லிக்குக் கணக்கு கேட்கிறாள். வரும்போது ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று கொண்டுவாருங்கள். மஞ்சள் கைப்பிடி போட்ட என்னுடையதை உங்களில் யாரோ போன மாதம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.